நாய்க்குட்டி வீட்டுக்குள்ளேயே உச்சா போகிறதா? எதை வாங்கலாம், எதை விடலாம்

நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த கையோடு பலரும் வாங்குவது உச்சாவை உறிஞ்சத் தரையில் விரிக்கும் பேட் ஒரு கட்டு. கூடவே "இங்கே போகாதே" வகை ஸ்பிரே ஒன்று, கதவில் தொங்கவிட ஒரு மணி. கூண்டு என்றதும் 'பாவம் குட்டி' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கறைக்குத் தரை துடைக்கும் லோஷனே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழ். முதலில் வேண்டியது நல்ல என்சைம் கிளீனர், அதாவது மூத்திரத்தில் உள்ள பொருள்களைச் சிதைக்கும் புரதம் கலந்த திரவம். அடுத்தது அளவு சரியான கூண்டு. மூன்றாவது சாதாரண லீஷ், அதாவது குட்டியைக் கட்டிப் பிடிக்கும் நாடா ஒன்று. பேட் சில வீடுகளுக்கு மட்டும்தான் தேவை. மற்ற வீடுகளில் அதுவே பழக்கத்தைக் கெடுக்கும்.

எந்தப் பொருளை எடைபோடுவதற்கு முன்பும் குட்டியின் உடம்பு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். வயதை மாதத்தில் எண்ணி ஒன்றைக் கூட்டினால், பகலில் அடக்கக்கூடிய அதிகபட்ச மணிநேரம் கிடைக்கும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. அதுவும் அமைதியாகப் படுத்திருந்தால்தான். ஓடியாடி விளையாடும்போது முக்கால் மணிக்கு ஒருமுறை போகும், சில குட்டிகள் அரைமணிக்கே போகும். தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டு 5 முதல் 30 நிமிடத்துக்குள், விளையாட்டு முடிந்ததும், தண்ணீர் குடித்துச் சற்று நேரத்தில் என்று இந்த நான்கு வேளைகளும் ஏறக்குறைய உறுதி. இந்த நேரங்களில் குட்டியை வெளியே கொண்டுபோக ஆள் இல்லாத வீட்டில் எந்தப் பொருளாலும் பலன் இருக்காது.

இன்னொன்று, குட்டிகள் காலடியில் படும் தரையை வைத்துத்தான் கழிப்பிடத்தை அடையாளம் வைத்துக்கொள்கின்றன. ஏழு வாரம் முதல் ஒன்பது வாரத்துக்குள் இந்த விருப்பம் ஊன்ற ஆரம்பிக்கிறது. புல்லில் பழகியது புல்லைத் தேடும், துணியில் பழகியது துணியைத் தேடும். பேட் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

என்சைம் கிளீனர்: காசு போடுவதானால் இதில் போடுங்கள்

மனித மூக்கில் வாசனையை உணரும் ஏற்பிகள் சுமார் 50, 60 லட்சம். நாய்க்கு இனத்தைப் பொறுத்து 12 கோடியிலிருந்து 30 கோடி வரை. நமக்கு எலுமிச்சை மணம் மட்டும் வரும் இடத்தில், குட்டிக்கு எலுமிச்சையும் நேற்றைய மூத்திரமும் தனித்தனியே வரும். அந்தப் பழைய வாசனைதான் 'இதுதான் இடம்' என்று அதைத் திரும்பக் கூப்பிடுகிறது. வாசனையை மறைக்கும் லோஷனுக்கும், வாசனைக்குக் காரணமான பொருளைச் சிதைக்கும் கிளீனருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

லேபிளில் பார்க்க வேண்டியவை: என்சைம் அல்லது என்சைமை உற்பத்தி செய்யும் பாக்டீரியா இருப்பதாக வெளிப்படையாக எழுதியிருக்கிறதா, காலாவதித் தேதி இருக்கிறதா, எவ்வளவு நேரம் ஈரமாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறதா. இந்த மூன்றும் இல்லாமல் மணத்தைப் பற்றி மட்டும் பேசும் பாட்டிலைக் கடையிலேயே திருப்பி வைத்துவிடலாம். 'யூரிக் அமிலப் படிகங்களைக் கரைக்கும்' என்ற வாசகத்துக்காகக் கூடுதலாகச் செலவழிக்கத் தேவையில்லை. பெரும்பாலான நாய்களின் உடல் யூரிக் அமிலத்தை அலன்டாயின் என்ற, தண்ணீரில் எளிதில் கரையும் பொருளாக மாற்றித்தான் வெளியேற்றுகிறது. டால்மேஷன் இனம் இதற்கு விலக்கு. நாயின் மூத்திரத்தில் முக்கியமாக இருப்பது யூரியா. அதைப் பாக்டீரியா உடைத்து அம்மோனியாவாக்கும்போதுதான் மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறது.

"வாங்கினேன், வேலை செய்யவில்லை" என்ற புகார் இந்தப் பொருளுக்கு நிறைய வருகிறது. பெரும்பாலும் பயன்படுத்திய முறையில்தான் கோளாறு. இரண்டு முறை பீய்ச்சியடித்து ஐந்தாவது நிமிடம் துடைத்தால் எந்த என்சைமாலும் ஒன்றும் செய்ய முடியாது. சரியான முறை இது. ஈரம் காயும் முன் பழைய துணியை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் கறை பரவும். துணியில் ஈரம் ஏறாத வரை மாற்றி மாற்றி ஒற்ற வேண்டும். பிறகு கிளீனரை ஊற்ற வேண்டும், தெளிப்பது போதாது. கம்பளத்தில் மேலே உள்ளங்கை அளவு தெரியும் கறை, அடியில் இருக்கும் ஸ்பாஞ்சில் அதைவிட அகலமாகப் பரவியிருக்கும். அதனால் கறையின் விளிம்பைத் தாண்டிச் சுற்றிலும் நான்கு விரற்கடை நனைய வேண்டும். மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ கிளீனரும் அவ்வளவு இறங்க வேண்டும்.

புதுக் கறைக்கு 10, 15 நிமிடம் ஊறினால் போதும். பழைய கறைக்கு மேலே பாலித்தீன் தாள் போட்டு மூடி, ஓரங்களில் கனம் வைத்து, இரவு முழுக்க விட வேண்டும். ஈரம் இருக்கும் வரைதான் என்சைம் வேலை செய்யும். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தால் அது பாதியிலேயே காய்ந்து நின்றுவிடும். பழைய கறையில் ஊற்றியதும் நாற்றம் முன்பைவிடக் கூடினால் பயப்பட வேண்டாம்; காய்ந்து கிடந்தது மீண்டும் நனைந்து கிளம்புகிறது. நன்றாகக் காய்ந்த பிறகும் நெடி இருந்தால் இன்னொரு முறை ஊற்ற வேண்டும்.

இதைக் கெடுப்பவை மூன்று. முதலாவது சூடு. கொதிநீரும் நீராவி மெஷினும் என்சைமை அழிக்கும், மூத்திரத்தில் உள்ள புரதத்தை இழையோடு ஒட்டவைக்கும். இரண்டாவது, முன்பே அந்த இடத்தில் போட்ட கிருமிநாசினியோ சோப்போ. அது மிச்சமிருந்தால் பாக்டீரியா வகைக் கிளீனர் போட்ட மாத்திரத்தில் செத்துப்போகும். முதலில் வெறும் தண்ணீரால் அலசி ஒற்றி எடுத்துவிட வேண்டும். மூன்றாவது, அலமாரியில் வருஷக்கணக்காகக் கிடந்த பாட்டில்.

வழுவழுப்பான டைல்ஸில் ஒன்றும் தங்காது. இரண்டு டைல்ஸுக்கு நடுவே உள்ள சிமென்ட் கோடுதான் உறிஞ்சும். ஊற்ற வேண்டிய இடம் அதுவே. மரத்தரையில் குளமாக ஊற்றினால் பலகை உப்பும். துணியைக் கிளீனரில் நனைத்துப் போட்டுவைப்பது நல்லது. கம்பளி, பட்டு விரிப்புகளில் புரதத்தைச் சிதைக்கும் என்சைமே கூடாது, அந்த இழைகளும் புரதம்தான். வினிகர் அம்மோனியா நெடியைத் தணிக்கும், அதோடு சரி. மார்பிளில் பட்டால் மெருகு போய்விடும். பிளீச்சிங் பவுடரையோ திரவ பிளீச்சையோ மூத்திரத்தின் மேல் கொட்டவே கூடாது. இரண்டும் சேர்ந்து மூச்சைத் தாக்கும் குளோரமின் வாயு உண்டாகும், குனிந்து துடைப்பவருக்கும் குட்டிக்கும் ஆபத்து. அம்மோனியா கலந்த கிளீனர் குட்டியின் மூக்குக்கு இன்னொரு நாயின் மூத்திரம் போலத் தோன்றலாம். பினாயில் வகைகள் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வாய்க்குள் போகும்.

இதோடு ஒரு புற ஊதா டார்ச் வாங்கலாம். ஒளியின் அலைநீளம் 395 நானோமீட்டர் உள்ள டார்ச்சின் ஊதா வெளிச்சமே கறையின் ஒளிர்வை மறைத்துவிடும், 365 உள்ளது தெளிவு. அறையை முழுதும் இருட்டாக்கி, தரையை ஒட்டிச் சாய்வாக அடித்தால் காய்ந்த கறை மஞ்சள் பச்சையாகத் தெரியும். சலவைத்தூளின் மிச்சமும் ஒளிரும், அது நீலவெள்ளை. சோபாவின் பின்பக்கம், திரைச்சீலையின் அடிவிளிம்பு, கட்டில்கால், கதவோர மிதியடி இவற்றை முதலில் பாருங்கள். குட்டி 'எங்கெங்கோ' போவதாகத் தோன்றும் வீடுகளில் பெரும்பாலும் திரும்பத் திரும்ப இரண்டு மூன்று இடங்கள்தான் ஒளிரும். இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கூண்டு: தடுப்புப் பலகை இல்லாததை வாங்காதீர்கள்

ஆரோக்கியமாக வளர்ந்த குட்டி, தான் படுக்கும் இடத்தை நனைக்க விரும்பாது. கூண்டு வேலை செய்வது இந்த ஒரு குணத்தை நம்பித்தான். கூண்டு பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் போய்விட்டு மறுமூலையில் படுத்துக்கொள்ளும். எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க மட்டும் இடம் இருந்தால் போதும். மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை அளந்து, அதோடு ஒரு கை அகலம், அதாவது 8 முதல் 10 செ.மீ. கூட்டுங்கள். குட்டி வளரும் என்பதால் பெரிய நாய்க்கான கம்பிக் கூண்டை வாங்கி, உள்ளே நகர்த்தக்கூடிய தடுப்புப் பலகையால் இடத்தைக் குறைத்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அளந்து நகர்த்துவதுதான் சிக்கனம்.

வாங்கும்போது அடித்தட்டை இழுத்துப் பாருங்கள். கொண்டி இல்லாத தட்டைக் குட்டி உள்ளிருந்தே தள்ளி வெளியேற்றிவிடும். கம்பி இடைவெளியில் பாதமோ கீழ்த்தாடையோ நுழையக்கூடாது. பிளாஸ்டிக் கூண்டு கழுவ எளிது, குகை போல இருட்டாக இருப்பதால் சில குட்டிகள் அதில் சீக்கிரம் அடங்கும். ஆனால் பலவற்றில் தடுப்பு கிடையாது. துணிக் கூண்டு இந்த வேலைக்கு ஆகாது. மூத்திரம் ஊறும், ஜிப்பைக் கடித்து வெளியே வந்துவிடும். எந்தக் கூண்டானாலும் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். பட்டை கம்பியில் மாட்டினால் கழுத்து நெரியும்.

கூண்டையும் நனைக்கிறது என்ற புகாருக்கு முதல் காரணம் உள்ளே போட்ட மெத்தை. தடித்த மெத்தை எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொள்வதால் குட்டிக்கு ஈரமே தெரிவதில்லை, ஓரமாகச் சுருட்டித் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. மெல்லிய துண்டு ஒன்று போதும். அதையும் நனைத்தால் சில நாள் வெறும் தட்டில் விடலாம். இரண்டாவது காரணம், தாங்கும் நேரத்துக்கு மேல் பூட்டிவைப்பது. வயது எதுவானாலும் வளரும் குட்டியைப் பகலில் ஒரேயடியாக நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டு மாதக் குட்டிக்கு இரவில் ஓரிரு முறை நாம் எழத்தான் வேண்டும். மூன்றாவது காரணம் கொஞ்சம் சோகமானது. அழுக்குக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்த குட்டிக்கு, படுக்கையை நனைக்கக் கூடாது என்ற குணமே மழுங்கியிருக்கும். அதற்குக் கூண்டை இன்னும் சுருக்குவது கொடுமை. வேலித்தட்டிகளால் ஒரு சின்ன இடம் வளைத்து, ஒரு பக்கம் படுக்கை, மறுபக்கம் புல்தட்டு (புல் பதித்த கழிப்பிடத் தட்டு) என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கதவைத் திறந்ததும் குட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள். நடக்கவிட்டால் நாலடி வைப்பதற்குள் குத்தவைத்துவிடும். வெளியே ஒரே இடத்தில் லீஷோடு ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். போகவில்லையா, உள்ளே கொண்டுவந்து கூண்டில் 10, 15 நிமிடம் வைத்துவிட்டு மறுபடி அதே இடம். போகாத குட்டியை வீட்டுக்குள் அவிழ்த்துவிடுவதுதான் "வெளியே அரைமணி நின்றோம், உள்ளே வந்ததும் போய்விட்டது" என்ற புலம்பலின் மூலம்.

லீஷ்

ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், சாதாரண நாடா போதும். கூண்டுக்கு வெளியே, வீட்டுக்குள் இருக்கும் நேரம் முழுக்க ஒரு முனை உங்கள் இடுப்பில் இருக்கட்டும். குட்டி மூக்கைத் தரையில் பதித்து வட்டமடிப்பதையும், விளையாட்டை சட்டென்று விட்டுவிட்டு மேசைக்குப் பின்னால் நழுவுவதையும் பார்க்க இதைவிட எளிய கருவி கிடையாது. பாதியில் பிடிபட்டால் லேசாகக் கைதட்டி, தூக்கி, வெளியே விடுங்கள். மிச்சத்தை அங்கே முடிக்கட்டும். மூக்கைத் தேய்ப்பதும் அதட்டுவதும் குட்டிக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: 'மனிதர் எதிரில் போகாதே.' அந்தக் குட்டி பிறகு வெளியிலும் உங்கள் கண்முன் போகாது, வீட்டில் சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்து போகும்.

வெளியே போனதற்குப் பரிசாகக் கொடுக்கும் தீனி பட்டாணி அளவு போதும், கொடுக்கும் நேரம்தான் முக்கியம். முழுக்க முடித்து எழுந்த இரண்டு வினாடிக்குள், அதே இடத்தில். பாதியில் 'குட் பாய்' என்று குதூகலித்தால் நிறுத்திவிட்டு ஓடிவரும், மிச்சம் வீட்டுக் கம்பளத்துக்கு. உள்ளே வந்த பிறகு கொடுத்தால் அது உள்ளே வந்ததற்கான பரிசு.

பேட்

மேலே மெல்லிய நெய்யாத துணி, நடுவே மரக்கூழும் நீரை ஜெல்லாக்கும் பொடியும், அடியில் பிளாஸ்டிக் தாள். உறிஞ்சும் வேலையைப் பெரும்பாலானவை ஒழுங்காகவே செய்கின்றன. வாங்கிய கட்டைச் சோதிக்க 100 மி.லி. தண்ணீரை நடுவில் ஊற்றி, ஒரு நிமிடம் கழித்து உலர்ந்த டிஷ்யூவை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். டிஷ்யூ சொட்டச் சொட்ட நனைந்தால் குட்டியின் பாதமும் அப்படித்தான் நனையும், வீடெங்கும் தடம் பதியும்.

குட்டி பேடில் போவதை ஒருமுறை கீழே குனிந்து கவனியுங்கள். முன்னங்கால் இரண்டும் பேடின் மேல் இருக்கும். மோந்து பார்க்கும், அரைவட்டம் சுற்றும், இடுப்பைத் தாழ்த்தும். அதற்குள் பின்பாதி விளிம்பைத் தாண்டியிருக்கும். குட்டியைப் பொறுத்தவரை அது சரியான இடத்தில்தான் நின்றது. 'பேடுக்குப் பக்கத்திலேயே போகிறது' என்ற குறைக்கு அதட்டல் மருந்தாகாது. 60×60 செ.மீ. பேடுக்குப் பதில் 60×90 போடுங்கள், அல்லது இரண்டைச் சேர்த்து விரியுங்கள், விளிம்பில் சட்டம் உள்ள தட்டில் மாட்டுங்கள். சட்டம் இருந்தால் கடித்து இழுப்பதும் குறையும். கிழித்து விழுங்கினால் உள்ளே உள்ள பொடி உப்பும். பெரிய துண்டு போனால் குடல் அடைப்புவரை போகலாம், உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பேடின் பெரிய குறை அதன் தரத்தில் இல்லை. மெத்தென்ற துணி காலடியில் பட்டால் போகலாம் என்று அது பழக்கிவிடுகிறது. மிதியடி, குளியலறை விரிப்பு, கீழே விழுந்த துண்டு எல்லாமே குட்டிக்குப் பேட்தான். துவைத்துப் பயன்படுத்தும் துணிப் பேட் குப்பையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் தொடுகையில் அது விரிப்பைப் போலவே இருப்பதால் இந்தக் குழப்பம் அதில்தான் அதிகம். துவைக்கும்போது ஃபேப்ரிக் சாஃப்ட்னர் போட்டால் இழையில் படலம் படிந்து உறிஞ்சுவதும் போய்விடும்.

ஆனாலும் பேடோ தட்டோ இல்லாமல் முடியாத வீடுகள் உண்டு. உயர மாடி, தடுப்பூசி முடியாத குட்டி, படியிறங்க முடியாத முதியவர். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். சுமார் 16 வார வயதில் தடுப்பூசி வரிசை முடியும் வரை, மற்ற நாய்கள் நடமாடும் தரையில் குட்டியை இறக்குவது ஆபத்து. இப்படிப்பட்டவர்களுக்கு எங்கள் தேர்வு பேட் அல்ல, புல்தட்டு. நிஜப் புல் வைத்தது முதல் தரம், ஏனென்றால் நாளைக்கு வெளியில் காலில் படப்போவதும் அதே புல். செயற்கைப் புல்லானால் தினமும் தண்ணீர் ஊற்றி அலச வேண்டும், வாரம் ஒருமுறை என்சைம் கிளீனரில் ஊறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேர்ப்பக்கம் தேங்கும் மூத்திரம் சில நாளிலேயே வீட்டை நாறடிக்கும்.

ஈர்க்கும் மணம் ஏற்றியது என்று விற்கும் பேடை நம்பிக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். முன்பு நனைந்த பேடில் கைக்குட்டை அளவு வெட்டி, புதியதன் கீழ் வைத்தால் அதைவிட நன்றாக ஈர்க்கும். பேடிலிருந்து வெளிக்கு மாற்றும்போதும் அதே துண்டை வெளியில் போகும் இடத்தில் கல் வைத்துப் பதித்துவிடுங்கள். பேடை வாசல் நோக்கி நாளுக்கு ஒரு முழத்துக்கு மேல் நகர்த்தாதீர்கள். அறையிலிருந்து அறைக்கு ஒரே தாவலாக மாற்றினால் குட்டி பழைய இடத்துக்கே வந்து வெறுந்தரையில் உச்சா போகும்.

மற்றவை

விரட்டும் ஸ்பிரே: வேண்டாம். முதல் வாசனை தரையில் இருக்கும் வரை அதன்மேல் எந்த வாசனை போட்டும் பயனில்லை. ஆண் குட்டிக்கு இடுப்பில் கட்டும் பட்டி: கம்பளத்தைக் காக்கும், பழக்கத்தைக் கற்றுத் தராது, மணிக்கணக்கில் ஈரமாக விட்டால் தோல் புண்ணாகும். கதவு மணி: வெளியில் போக வேண்டும் என்று குட்டிக்குத் தெரிந்த பிறகுதான் வாங்க வேண்டியது. குட்டி மணியைத் தட்டி அடித்தால் லீஷ், அதே இடம், ஐந்து நிமிடம், திரும்ப உள்ளே. ஒரே ஒருமுறை விளையாட விட்டால்கூட அது விளையாட்டு மணியாகிவிடும்.

எதை வாங்கினாலும் நிற்காத மூன்று வகை உண்டு. ஆள் வந்ததும் காதை மடக்கி, வாலை இடுக்கி, தரையோடு ஒடுங்கிச் சொட்டுவது பயமும் பணிவும் சேர்ந்தது. குனிந்து நெருங்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து, பேசாமல் விட்டால் வளர வளரத் தானே குறையும். பெண் குட்டி தூக்கத்திலேயே ஒழுகவிட்டு எப்போதும் பின்புறம் ஈரமாக இருந்தால் சிறுநீர்க்குழாய் பிறவியிலேயே தவறான இடத்தில் இணைந்திருக்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துளித்துளியாக முக்கிப் போவது, அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருப்பது, மூத்திரம் சிவப்பாகத் தெரிவது எல்லாம் தொற்றின் அடையாளமாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் டாக்டரிடம் காட்ட வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தை அளந்து நிரப்பி 24 மணி நேரம் கணக்கிடுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 100 மி.லி.க்கு மேல் குடித்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பரிசோதனைக்குக் காலையில் முதல் மூத்திரம் நல்லது. நீளக் காம்புள்ள சுத்தமான கரண்டியைக் குட்டி போக ஆரம்பித்த பிறகு பின்னாலிருந்து நீட்டி, நடுவில் வருவதைப் பிடித்து, மூடியுள்ள சுத்தமான பாட்டிலில் ஊற்றி உடனே கொண்டுபோங்கள். தாமதமானால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். தரையிலிருந்து வழித்ததும் பேடிலிருந்து பிழிந்ததும் பரிசோதனைக்கு ஆகாது.